ஆளுக்கு ஒரு உயிர்

அக்கா குடும்பம் ரொறன்ரோவிலிருந்து வந்து நின்ற கிழமை பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற வீதியில் எங்கேயோ மரம் முறிந்து கம்பியில் விழுந்து, பின்னேரம் நாலு மணிக்குப் போன கரண்ட் இரவு எட்டாகியும் வரவில்லை. முதலில் மருமகளின், அதாவது அக்கா மகளின், போன் செத்தது, அப்புறம் என் மகனுடையது (உண்மையில் அது என்னுடையது, அவன் கையில் இருந்தது, அவ்வளவுதான்). இரண்டு பேரும் விறாந்தையில் ஆளுக்கொரு கதிரையில், செத்தவீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி இருட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அம்மாதான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "ஊர் தொடுப்பமே?"

ஊர் தொடுக்கிறது என்பது எங்கள் வீட்டில் வைத்த பெயர். ஒருவர் ஒரு ஊரைச் சொல்ல வேண்டும், அது முடிகிற எழுத்தில் தொடங்கும் ஊரை அடுத்தவர் சொல்ல வேண்டும். உலகத்தில் எந்த ஊராகவும் இருக்கலாம், நாடும் சேர்த்தி. சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது. இருபது எண்ணுவதற்குள் வராவிட்டால் அஞ்சு கச்சான் (நிலக்கடலை) தண்டம். புலவர்கள் செய்தால் அந்தாதி, நாங்கள் செய்தால் இது.

தொண்ணூறுகளில் வன்னியில் கரண்ட் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் பழகியது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரிக்கிற விளக்கு ஒன்றுதான் வீட்டுக்கு, மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு அதையும் படித்து முடித்த கையோடு அணைத்துவிட வேண்டும். நித்திரை வரும்வரை இருட்டில் என்ன செய்வது? தாயம் விளையாட வெளிச்சம் வேண்டும், இதற்கு வாய் போதும்.

அப்பா பூமிசாத்திரம் படிப்பித்தவர். ஒவ்வொரு இடப்பெயர்விலும் அவர் விடாமல் தூக்கிக்கொண்டு திரிந்த ஒரு பழைய அட்லஸ் இருந்தது. ஒரு மாரியில் அதைக் கறையான் பிடித்து, தென்னமெரிக்காப் பக்கத்தை ஓரம் தவிர மிச்சம் விடாமல் தின்றுவிட்டது. அதனால் எங்களுக்குத் தென்னமெரிக்கா கிடையாது. தம்பி ஒருநாள் எங்கேயோ கேட்டுவிட்டு வந்து "பராகுவே" என்று சொல்ல, காட்டு பார்ப்பம் என்று நாங்கள் அட்லஸை நீட்ட, அவன் அழுதே போனான். அஞ்சு கச்சானும் போனது. அந்த அட்லஸில் சோவியத் ஒன்றியம் இருந்தது, மேல் வோல்ட்டா இருந்தது (அது 1984இல் புர்கினா பாசோ ஆகிவிட்டது என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரியும்), யூகோஸ்லாவியா இருந்தது. யூகோஸ்லாவியாவை மறக்காமல் வைத்திருங்கள், அதில் வேலை இருக்கிறது.

தமிழில் இந்த விளையாட்டை ஆடுவது லேசில்லை. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்று எட்டு எழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்று இலக்கணம் சொல்கிறது, ஆனால் ஊர்ப்பெயர்கள் அவற்றில் கண்டபாட்டுக்கு முடிகின்றன. அப்பா சட்டத்தை வளைத்தார். வெளியூர்ப் பெயருக்கு ட, ர, ல எல்லாம் சரி. ன், ண் வந்தால் ந எடுக்கலாம். ள், ழ் வந்தால் ல. குறில் நெடில் பார்ப்பதில்லை, எழுத்தின் வரிசை ஒத்தால் போதும். லண்டன், நெடுங்கேணி, நைரோபி, பரந்தன், நோர்வே, வற்றாப்பளை, லிஸ்பன் என்று இருட்டுக்குள் உலகத்தைச் சுற்றிக்கொண்டு போகலாம்.

அப்படியும் ஒரு சிக்கல் மிஞ்சியது. தமிழில் எந்த ஊரும் தனி உயிரெழுத்தில் முடிவதில்லை. ஒஸ்லோ என்றால் கடைசி எழுத்து லோ, ஓ இல்லை. அப்படியென்றால் அமெரிக்கா, இந்தியா, ஓமந்தை, இரணைமடு, ஏன் இலங்கையைக்கூட முதல் ஆள் தொடக்கத்தில் சொன்னால் உண்டு, நடுவில் ஒருக்காலும் வராது. இதைக் கண்டுபிடித்தது அக்கா, அவவுக்கு அப்போது பதினொரு வயது. அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு சலுகை தந்தார்: ஆட்டத்துக்கு ஆளுக்கு ஒரு உயிர். உயிர்மெய்யில் முடிந்தால் ஒரே ஒரு தரம் அதிலிருக்கும் உயிரை எடுத்துக்கொள்ளலாம். ஒஸ்லோவுக்கு ஓமந்தை, கனடாவுக்கு ஆனையிறவு. மெய்யில் முடிந்தால் உயிர் கேட்க ஏலாது, மெய்யில் ஏது உயிர் என்று அப்பா சிரித்தது எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

வன்னிக்காரருக்கு இந்த விளையாட்டில் கிடைத்த வரமும் சாபமும் குளம். ஊருக்கொரு குளம், குளத்தின் பெயரே ஊரின் பெயர். வவுனிக்குளம், புளியங்குளம், கனகராயன்குளம் எல்லாம் ம்-இல் போய் விழும். குளம் இல்லாத இடத்தில் புரம் நிற்கும்: தர்மபுரம், உருத்திரபுரம். அதுவும் இல்லையென்றால் அம்பகாமம். வேடிக்கை என்னவென்றால் வடக்கிலேயே பெரிய குளமான இரணைமடுவின் பெயரில் குளம் கிடையாது. ம வரிசை எப்போதும் பஞ்சத்தில்தான் இருக்கும். முல்லைத்தீவு, முறிகண்டி, மல்லாவி, மன்னார் எல்லாம் முதல் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும், பிறகு மஸ்கட், மணிலா, மொம்பாசா என்று கப்பலேற வேண்டும். இதில் எங்கள் ஊருக்கு ஒரு தனி மரியாதை. மாங்குளம் ம-வில் தொடங்கி ம்-இல் முடிகிறது. யார் ம தந்தாலும் அதை அப்படியே அடுத்தவன் தலையில் திருப்பிப் போடலாம். அதனால் அதை யாரும் முதலில் செலவழிப்பதில்லை, துருப்புச் சீட்டு மாதிரி மடியில் வைத்திருப்போம்.

ம-வாவது பரவாயில்லை. ய இருக்கிறதே, அது பொறிக்கிடங்கு. ரஷ்யா, மலேசியா, கம்போடியா, எத்தியோப்பியா, அவுஸ்திரேலியா என்று பாதி உலகம் யா-வில் முடிகிறது, யா-வில் தொடங்குவது யாழ்ப்பாணம். அது போனபின் யேமன், யங்கோன். பத்திரிகையில் யப்பான், யேர்மனி என்று எழுதியிருந்ததைக் கத்தரித்து வைத்து நான் இரண்டு வருடம் பிழைத்தேன். யூகோஸ்லாவியா ஏன் பொன் என்று இப்போது விளங்கும்: ய-வில் தொடங்கி யா-வில் முடிகிற ஊர் வேறு எங்கே கிடைக்கும்? தம்பி ஒரு இரவு இந்தக் கிடங்கில் விழுந்து, உயிரையும் முன்னமே ஓமந்தைக்குக் கொடுத்து முடித்த நிலையில், பத்தொன்பதாவது எண்ணிக்கையில் "யானையிறவு!" என்று கத்தினான். வீடே சிரித்தது. அவன் விடவில்லை. ஆனை என்பது பேச்சு, யானைதானே சரியான தமிழ் என்றான். வாதம் சரிதான், ஆனால் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஊரார் வாயில் என்ன இருக்கிறதோ அதுதான் ஊரின் பேர், அளாப்பாதே என்றுவிட்டார்.

சரி, இந்த மார்கழிக்கு வருகிறேன். முதல் நாள் நல்லூருக்குப் போய்த் திரும்பும்போது முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வாங்கிய கச்சான் இருந்தது, ஆளுக்கு இருபது பங்கு பிரித்தோம். நடுவர் அத்தான், ஏனென்றால் அவருடைய போனில் மட்டும் ஒன்பது சதவீதம் சார்ஜ் மிச்சம். சட்டத்தைக் கேட்டதுமே மருமகள், இது சிரித்தோரி என்றாள். யப்பானியக் கார்ட்டூன்களில் பார்த்திருக்கிறாளாம், அங்கே ன் என்ற ஒலியில் முடிகிற சொல்லைச் சொன்னவர் தோற்றுப் போவார், அந்த எழுத்தில் தொடங்கும் சொல் அவர்களிடம் இல்லை. அப்படிப் பார்த்தால் பரந்தனும் ஒட்டுசுட்டானும் மாத்தளனும் தோல்விதான். அவர்கள் தங்கள் நாட்டுக்குச் சொல்லும் நிப்பொன் என்ற பெயரும் தோல்விதான்.

முதல் சண்டை ரொறன்ரோவில். மகன் இரணைமடு என்று முடிக்க, மருமகள் ட-வுக்கு "டொரானோ" என்றாள். அக்கா, எடி அது ரொறன்ரோ, ர-வில் தொடங்குது என்றா. எங்களுக்கு அது ர, சென்னைக்காரருக்கு ட, அங்கேயே பிறந்து வளர்ந்தவளின் வாயில் நடுவிலிருக்கும் டி-யே காணாமல் போய்விடுகிறது. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த ஊராள் அவள்தானே, அவள் சொல்லுறதுதான் பேர்" என்றார். யானையிறவில் தம்பியை மடக்கிய அதே சட்டம், முப்பது வருடம் கழித்துப் பேத்திக்கு உதவியது. தம்பி கேட்டிருந்தால் வயிறு எரிந்திருப்பான்.

அடுத்தது அம்மா ஆடிய ஆட்டம். கம்போடியா என்று மகன் பெருமையாகப் போட, அம்மா ஒரு கச்சானை உடைத்தபடி "யூகோஸ்லாவியா" என்றார். பிள்ளைகள் இரண்டும் ஒன்றாக, அப்படி ஒரு நாடு இல்லை என்று குதித்தன. அத்தான் பார்த்துச் சொன்னார்: 1991இல் உடையத் தொடங்கியது, 2003இல் பெயரும் போய்விட்டது.

"நான் படிக்கேக்க இருந்தது," என்றார் அம்மா. "சோதினைக்கும் எழுதினனான்."

சோதினைக்கு எழுதியதை யார் மறுப்பது, ஒத்துக்கொண்டோம். ஆனால் யா இப்போது மருமகளுக்கு. அவள் பதினைந்து எண்ணும்வரை பொறுத்துவிட்டு, "யோர்க். டொரானோவின் பழைய பேர், 1834 வரைக்கும்" என்றாள். அத்தான் தேடினார், உண்மை. பழைய பெயர் செல்லும் என்று அம்மாதானே தீர்ப்புச் சொன்னார்? அம்மா கச்சான் கோதைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்: "அப்ப ஒரே ஊரை ரெண்டு தரம் சொல்லிப்போட்டாய் பிள்ளை."

பெரிய வழக்காகிவிட்டது. பெயர் மாறினால் ஊர் வேறா, ஒன்றா? இங்கிலாந்திலேயே ஒரு யோர்க் இருக்கிறது, அந்தக் கணக்கில் விடுவோம் என்று நான் சமாதானம் பேசினேன், மருமகளுக்கு அதில் திருப்தியில்லை. அவளுக்குத் தன் யோர்க்தான் வேண்டுமாம். இதற்குள் அத்தானின் போனும் அணைந்தது, நீதிமன்றம் கலைந்தது, நடுவரும் ஆட்டத்தில் சேர்ந்தார்.

அவள் தோற்றது அதற்குப் பிறகு. அம்மா டாக்கா என்று அவளுக்குக் கொடுக்க, அவள் கொழும்பு, நான் புதுக்குடியிருப்பு, மகன் பாரிஸ், அத்தான் ஸ்பெயின், அக்கா நந்திக்கடல் என்று வாயைத் திறக்க, அது கடல், அதுக்குள்ள ஆர் குடியிருக்கினம் என்று மகன் பாய, அக்கா நியூசிலாந்துக்கு மாறினா. அம்மாவுக்கு து. அவர் யோசிக்கவே இல்லை. "துணுக்காய்."

ய். வெறும் மெய். உயிர் கேட்க ஏலாது. மருமகள் இருபதுவரை எண்ண விட்டாள், இன்னொரு தரமும் எண்ணச் சொன்னாள், யாழ்ப்பாணமும் யேமனும் யங்கோனும் அவள் நாட்டின் யெலோநைஃபும் எல்லாம் போய் முடிந்திருந்தன. அஞ்சு கச்சானை அம்மாவின் மடியில் போட்டாள், அதே நேரம் கரண்ட் வந்தது, இரண்டு பிள்ளைகளும் சார்ஜரைத் தேடி ஓடின.

அவர்கள் திரும்பிப் போய் மூன்று கிழமை இருக்கும். விடியற்காலை எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி, அங்கே மாலையாக இருக்க வேண்டும். வணக்கம் இல்லை, சுகமா இல்லை. "மாமா, யாவுண்டே. கமரூனின் தலைநகரம். அம்மம்மாட்டச் சொல்லுங்கோ. இப்ப அவவின்ர முறை."

குசினிப் பக்கம் போனேன். அம்மா குந்தில் இருந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். செய்தியைப் போட்டுக் காட்டினேன். கை நிற்கவில்லை, தலையும் நிமிரவில்லை.

"டுபாய்," என்றார்.