ஆறு வாரம் ஓடல, ஆனா மூச்சு போகல

காலை உடைச்சுக்கிட்டு வீட்ல உக்காந்திருக்கற ரன்னர் யாராவது இதைப் படிச்சா முதல்ல ஒண்ணு பண்ணுங்க. கட்டைவிரலால முழங்காலுக்குக் கீழ இருந்து கணுக்கால் வரைக்கும் முன்னெலும்போட உள்பக்கத்தை மெதுவா அழுத்திக்கிட்டே வாங்க. ஒரு சாண் நீளத்துக்கு பரவலா வலிச்சா அது பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட், அதாவது முன்னெலும்பை ஒட்டின பகுதியில வர்ற வலி. ஒரு ரூபா காசு அகலத்துல ஒரே இடத்துல சுருக்குன்னு வலிச்சா ஓடறதை அன்னிக்கே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. எனக்கு இதை யாரும் சொல்லல, மூணு வாரம் போச்சு.

டிசம்பர்ல கோயமுத்தூர் மாரத்தான், அதுல ஹாஃப் (21 கிலோமீட்டர்) ஓடணும்னு ஜூலைல எங்க ஊர் ரேஸ்கோர்ஸ் நடைபாதைல சுத்த ஆரம்பிச்சேன். வாரத்துக்கு 30 கிலோமீட்டர் ஓடிட்டிருந்தவன் அவசரப்பட்டு 50க்குப் போயிட்டேன், தப்பு அங்கதான். வலி வந்ததும் போய்ப் பாத்த டாக்டர் எக்ஸ்ரே எடுத்துட்டு "எலும்பெல்லாம் நல்லா இருக்கு, தசை வலிதான், ஒரு வாரம் ரெஸ்ட் எடுங்க"ன்னு அனுப்பிட்டாரு. ஒரே இடத்துல சுருக்குன்னு வலிக்கறது ஸ்ட்ரெஸ் இஞ்சுரியா இருக்கலாம், அதாவது திரும்பத் திரும்ப ஓடி எலும்புல வர்ற காயம். அது ஆரம்பத்துல ரெண்டு மூணு வாரத்துக்கு எக்ஸ்ரேல பெரும்பாலும் தெரியாதுங்க, இதை அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அவரை நம்பி ஒரு வாரம் கழிச்சு மறுபடி ஓடி, நடந்தாலே வலிக்கற நிலைமைக்கு வந்து, வேற டாக்டர்கிட்ட போய் எம்ஆர்ஐ எடுத்தப்பதான் எலும்புக்குள்ள வீக்கம் இருக்கறது தெரிஞ்சுது. ஆறு வாரம் ஓடவே கூடாதுன்னாரு. நடக்க வலிக்காம ஆனப்புறம் தண்ணியும் சைக்கிளும் பரவால்லன்னு சொன்னது ஒண்ணுதான் ஆறுதல்.

எங்க குரூப்ல இருக்கற ஒரு அண்ணா, "தம்பி, தண்ணிக்குள்ள ஓடு, கால் தரையில படக்கூடாது, அவ்ளோதான்"னாரு. மிதக்கறதுக்கு இடுப்புல கட்டற ஃபோம் பெல்ட் ஒண்ணு ஆன்லைன்ல வாங்கிட்டேன். ஆனா குளம் கிடைக்கணுமே! முதல்ல போன இடத்துல காட்டன் ஷார்ட்ஸ்னு உள்ளயே விடல, நைலானும் கேப்பும் வேணும்னாங்க. எல்லாம் வாங்கிட்டு மறுநாள் போனா ஆழமே நாலரை அடிதான், கால் தரையைத் தட்டுது. அடுத்த இடத்துல ஒரு பக்கம் ஏழடி இருந்துச்சு, ஆனா லைஃப்கார்டு என் இடுப்புல பெல்ட்டைப் பாத்ததும், "சார், நீச்சல் தெரியாதவங்க அந்தப் பக்கம் போகக்கூடாது"ன்னு தடுத்துட்டாரு. ரெண்டு நாள் கெஞ்சியும் நடக்கல, ரெண்டு நாளும் குளத்துக்குக் கட்டின காசு போச்சு. மூணாவது நாள் பெல்ட்டைக் கழட்டி அவர் கையில கொடுத்துட்டு, இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு நீந்திப் போய்த் திரும்பி வந்தேன். அவர் ஒண்ணும் பேசல, பெல்ட்டை நீட்டினாரு. அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷம் மெடல் வாங்கினப்பகூட இருந்ததில்ல.

முதல் வாரம் நான் ஓடவே இல்லைங்க, முன்னாடி சாஞ்சு கையால தண்ணியைத் தள்ளி நீச்சல்தான் அடிச்சிருக்கேன். உடம்பு நேரா நிக்கணும், கையை லேசா மூடிக்கணும், முட்டி மேல வரணும், அப்புறம் காலைப் பின்னாடி தள்ளணும். சரியாப் பண்ணினா நீங்க முன்னாடி நகர்றதே கொஞ்சம்தான், அதுக்காக வேகம் பத்தலன்னு நினைச்சிடாதீங்க. வாட்ச்ல ஹார்ட் ரேட்டைப் பாத்தும் ஏமாறாதீங்க, எவ்ளோ முக்கினாலும் தரையில ஓடறதைவிடச் சுமார் பத்து துடிப்பு கம்மியாத்தான் காட்டும். அதனால மூச்சை வெச்சுதான் கணக்கு. ஒரு நிமிஷம் பேசவே முடியாத அளவுக்கு, முப்பது செகண்ட் மெதுவா, இப்படி இருபது தடவை. சும்மா மெதுவா அரை மணி நேரம் மிதந்தா ஒரு பிரயோஜனமும் இல்ல, ரெண்டு வாரத்துல ஸ்டாமினா இறங்க ஆரம்பிச்சிடும்.

வாரத்துல மூணு நாள் தண்ணி, ரெண்டு நாள் சைக்கிள். சைக்கிள்ல எந்திரிச்சு நின்னு மிதிச்சப்ப அதே இடத்துல சுருக்குன்னுச்சு, அதோட உக்காந்தே மிதிக்கறதுன்னு ஆயிடுச்சு.

ஏழாவது வாரம் டாக்டர் அழுத்திப் பாத்து சரின்னதும், நாலு நிமிஷம் நடை, ஒரு நிமிஷம் ஓட்டம்னு ஆரம்பிச்சேன். மூச்சு நல்லா இருக்கறதால காலும் ரெடின்னு தோணும், அங்கதான் நிறைய பேர் மறுபடி உடைச்சுக்கறாங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் ஓடினேன், நடுவுல தண்ணியை விடல. ஹாஃப் வேண்டாம்னு முடிவு பண்ணி டிசம்பர்ல 10 கிலோமீட்டர் மட்டும் ஓடினேன், 53 நிமிஷம். அடிபடறதுக்கு முன்னாடி என் நேரம் 51. ஓடி முடிச்சு ஷூவைக் கழட்டினதும் முதல் வேலையா கட்டைவிரலை வெச்சு அந்த இடத்தை அழுத்திப் பாத்தேன். வலி இல்ல.