பிரசவத்துக்குப் பிறகு யாரும் எழுதாத டெஸ்ட்

எங்கள் லேபுக்குக் காலையில் வரும் தைராய்டு சாம்பிள்களில் நிறைய கர்ப்பிணிகளுடையவை. தைராய்டு சரியாகச் சுரக்கிறதா என்று பார்க்கும் டி.எஸ்.ஹெச். டெஸ்டை முதல் செக்கப்பிலேயே டாக்டர்கள் எழுதிவிடுகிறார்கள். பிரசவம் முடிந்தால் அந்தப் பெண்கள் அதற்காக வருவதில்லை. அடுத்த தடவை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சீட்டில் குழந்தையின் பெயர்தான் இருக்கும்.

எனக்கு மகள் பிறந்த மூன்றாம் மாதம் படபடப்பு தொடங்கியது. அவள் நகத்தை வெட்ட உட்கார்ந்தால் என் விரல் நடுங்கும், வேர்த்துக் கொட்டும். "பச்சை உடம்பு, ராத்தூக்கமும் இல்ல, அப்படித்தாம்மா இருக்கும்" என்றார் அத்தை. அக்கறையோடுதான் சொன்னார். சில வாரங்களில் அது தானாக அடங்கியும் போனது.

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது எல்லாம் தலைகீழ். ஏ.சி. அறையில் குளிர் தாங்கவில்லை. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. டியூபில் ஒட்டிய பெயரையும் சீட்டில் உள்ள பெயரையும் ஒத்துப் பார்ப்பது கை பழகிய வேலை. அதையே இரண்டு மூன்று தடவை பார்த்தால்தான் மனதில் நின்றது. காரணமே இல்லாமல் அழுகை வரும். "குழந்தை பெத்துட்டு வந்தா வேலை கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும்" என்றார் மேலாளர். அந்த வார்த்தை வலித்தது.

சீனியர் அக்காதான் கவனித்தார். "குரலே கரகரன்னு ஆயிடுச்சு, முகமும் உப்பியிருக்கு. கையை நீட்டு." மஞ்சள் மூடி டியூபில் ரத்தம் எடுத்துக்கொண்டே, "முடிக்கு பயோட்டின் மாத்திரை ஏதாவது போடுறியா?" என்று கேட்டார். சில மெஷின்களில் அது தைராய்டு ரிசல்ட்டையே மாற்றிக் காட்டிவிடும். இல்லை என்றேன். ரத்தம் உறைந்ததும் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் சீரத்தை மெஷினில் வைத்தோம். தைராய்டு சுரப்பு குறைந்தால் டி.எஸ்.ஹெச். ஏறும். சுமார் 4-க்குள் இருக்க வேண்டியது 38 என்று வந்தது. மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று அறிய ஓட்டும் கண்ட்ரோல் சாம்பிளை அக்கா சரிபார்த்துவிட்டு மறுபடி ஓட்டினார். மாற்றமில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அதுவரை நான் சோம்பேறியாகிவிட்டேன் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி என்றார் டாக்டர். கர்ப்ப காலத்தில் அடங்கியிருக்கும் எதிர்ப்பு சக்தி, பிரசவமானதும் சீறி எழுந்து சிலருக்குத் தைராய்டு சுரப்பியையே தாக்குகிறது. சேமித்து வைத்த ஹார்மோன் முதலில் கசிகிறது, அதுதான் படபடப்பு. இருப்பு தீர்ந்ததும் உடம்பு மந்தமாகிவிடுகிறது. 100 தாய்மார்களில் சுமார் 5 பேருக்கு இது வருகிறது. பெரும்பாலோருக்கு ஒன்றரை வருடத்துக்குள் சரியாகிவிடும், சிலருக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும். மனச்சோர்வு என்றே இதை நினைத்துவிடவும் வாய்ப்புண்டு.

தினமும் வெறும் வயிற்றில் தைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை, அப்புறம் அரை மணி நேரமாவது கழித்துத்தான் காபி. பிரசவத்துக்குப் பிறகு தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். பால் கொடுக்கலாமா என்று பயந்தேன். தாராளமாகக் கொடுக்கலாம் என்றார் டாக்டர். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது அளவு நன்றாக இறங்கியிருந்தது. தைராய்டைத் தாக்கும் எதிர்ப்புப் பொருளைக் காட்டும் ஆன்டி டி.பி.ஓ. டெஸ்ட் எனக்குப் பாசிட்டிவ் என்பதால் அடுத்த கர்ப்பத்தில் தொடக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

சட்டம் 26 வார விடுப்பு தருகிறது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட வேலை நேரத்தில் இரண்டு இடைவேளையும் உண்டு. இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை, கேட்டு வாங்கினேன். ஆனால் வேலைக்குத் திரும்பும் அந்தச் சமயத்தில்தான் இந்த மந்தம் பிடிக்கிறது. தடுப்பூசிக்காக 6, 10, 14-ஆம் வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும் அம்மாக்கள் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் செய்கிறார்கள். அவர்களிடமும் "உனக்கு எப்படியிருக்கு?" என்று கேட்க வேண்டாமா?

லேபுக்குக் கைக்குழந்தையோடு வருபவர்களிடம் நான் கேட்கிறேன். படபடப்பு, குளிர், முடி கொட்டுவது என்று சொன்னால், டாக்டரிடம் தைராய்டு பற்றிக் கேளுங்கள் என்பேன். அப்படிச் சீட்டு வாங்கி வந்த ஒரு பெண்ணுக்கு டி.எஸ்.ஹெச். ஏறியிருந்தது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறார்.