புளியந்தோப்பிலிருந்து ஒரு கானா குழு ஜெர்மனி போக என்னென்ன வேண்டியிருந்தது

நாங்கள் ஜெர்மனி போய்வந்ததிலிருந்து வடசென்னையில் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் குழு வைத்திருக்கும் தம்பிகள் கேட்கும் முதல் கேள்வி, "யாரு காசு, அக்கா?" என்பதுதான். அரசாங்கக் காசு. ஆனால் நம் அரசாங்கத்துடையது இல்லை. அங்கே ஒரு நகரத்தில் கோடையில் தெருக்கலை விழா நடக்கிறது. அந்த நகராட்சியும் அந்த மாநிலமும் விழாவுக்குக் கொடுக்கும் நிதியிலிருந்துதான் எங்கள் டிக்கெட், தங்குமிடம், சம்பளம் எல்லாம் வந்தது.

எங்கள் குழுவில் கானாவும் பறையும் சேர்ந்தே இருக்கும். டோலக் அடிக்கும் அண்ணன் பெயின்டர், பாடுகிற தம்பி மீன்பாடி வண்டி ஓட்டுகிறவன், ஒரு அண்ணன் துறைமுகத்தில் வேலை. சாவு வீட்டில் விடிய விடியப் பாடி வளர்ந்தவர்கள். நான் பாடுவதில்லை, கணக்கும் காகிதமும் என் பொறுப்பு. அதனால் இதில் காகிதத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறேன். கலையில் எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காகிதத்தில்தான் குழுக்கள் தடுக்கி விழுகின்றன.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த நிதிக்கு நாம் நேரடியாக விண்ணப்பிப்பது அபூர்வம். ஜெர்மனியில் கலையும் பண்பாடும் மாநிலங்களின் அதிகாரத்தில் இருக்கின்றன. நகராட்சிகளுக்கும் தனி நிதி உண்டு. ஒன்றிய அளவில் 2002-இல் தொடங்கிய கூட்டாட்சிப் பண்பாட்டு அறக்கட்டளை ஹாலே நகரத்திலிருந்து இயங்குகிறது. 1951-இல் தொடங்கிய கோதே இன்ஸ்டிட்யூட்டுக்கு அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் பணம் கொடுக்கிறது. நகராட்சி, மாநிலப் பணத்துக்கெல்லாம் பெரும்பாலும் அங்கே இருக்கும் அமைப்புதான் கையெழுத்துப் போட முடியும். நம் பக்கத்தில் 1950 முதல் இருக்கும் ஐசிசிஆர், அதாவது இந்தியப் பண்பாட்டு உறவுகளுக்கான மன்றம், தன் பட்டியலில் இருக்கும் கலைஞர்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. அந்தப் பட்டியலில் இடம்பிடிப்பது தனி வேலை, அதையும் தொடங்கிவிடுங்கள். ஆனால் அழைப்பு கையில் வந்தபின் அதைத் தொடங்கிப் பயனில்லை. ஆக, தேட வேண்டியது பணத்தை இல்லை, கூட்டாளியை. எங்களுக்கு அது நுங்கம்பாக்கத்தில் நடந்த ஒரு பயிலரங்கில் கிடைத்தது. பெரம்பூரில் 29சி ஏறினால் போய்விடலாம். இருந்தும் நம் பகுதிப் பிள்ளைகள் அந்த மாதிரி இடங்களின் வாசலை மிதிப்பதே இல்லை. நிகழ்ச்சி இலவசமாக இருந்தால் போய் உட்காருங்கள், பேசுங்கள்.

விழாக்காரர்கள் எங்களிடம் கேட்டது மூன்று பக்கத்தில் குழுவின் வரலாறு, வெட்டாத ஒரு காணொலி, மேடைத் தேவைகளின் பட்டியல். இதே காலத்தில் இங்கே ஒரு அலுவலகத்தின் இணையப் படிவத்தையும் நிரப்பிக்கொண்டிருந்தேன். அதில் கலை வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் கர்நாடக இசை இருந்தது, கானா இல்லை. 'நாட்டுப்புறம்' என்பதில் போய் நின்றோம். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் இந்த நகரத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த பாட்டு நாட்டுப்புறத்துக்குள் அடங்குமா என்று எனக்கு இன்றும் ஆற்றாமைதான். ஜெர்மன்காரர்களின் படிவத்தில் அந்த இடம் வெறும் கோடாக இருந்தது, நாமே எழுதிக்கொள்ளலாம். 'கானா' என்றே எழுதினோம்.

மேடைத் தேவைகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பறையை அடிக்கும் முன் தீயில் காட்டிக் காய்ச்ச வேண்டும். தோல் விறைத்தால்தான் சத்தம் கணீரென்று வரும். இங்கே நாலு காய்ந்த ஓலையையோ அட்டைப்பெட்டியையோ கொளுத்திவிட்டு வேலையைப் பார்ப்போம். அங்கே பொது இடத்தில் தீ மூட்ட தீயணைப்புத் துறைக்கு முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். மழை பெய்தால்? அதற்கும் ஒரு வழி கேட்டார்கள். எங்கள் மாஸ்டர் வீடியோ அழைப்பில் பறையைக் கையில் பிடித்து, எவ்வளவு தூரத்தில் காட்டுவது, எப்போது திருப்புவது, விரலால் தட்டி எந்தச் சத்தத்தில் நிறுத்துவது என்று செய்துகாட்டினார். அந்தப் பக்கம் இருந்த பெண் அத்தனையையும் குறித்துக்கொண்டார். பட்ஜெட்டில் 'தீ' என்று ஒரு வரி ஏறியது: இரும்புத் தொட்டி, மணல் வாளி, அணைப்பான், பக்கத்தில் நிற்க ஒரு ஆள், மழை வந்தால் கூடாரத்துக்குள் மின்சார ஹீட்டர். நம் கருவிக்கு என்ன வேண்டும் என்று முதல் நாளே கூசாமல் சொல்லிவிடுங்கள். சொன்னால்தான் அதற்குப் பணம் ஒதுக்குவார்கள்.

அடுத்து பாஸ்போர்ட். எங்களில் பாதிப் பேரிடம் இல்லை. கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலே 2,000. பணத்தைவிட முகவரிதான் பாடாய்ப் படுத்தியது. பழைய குடியிருப்பை இடித்துக் கட்டுவதால் சில குடும்பங்கள் வாடகைக்குப் போயிருந்தன. ஆதாரில் இடிந்த பிளாக்கின் கதவு எண்ணே இருந்தது. போலீஸ் சரிபார்ப்புக்கு வருகிறவர் அந்த விலாசத்தில் போய்ப் பார்த்தால் வெறும் மண்மேடு. முதலில் ஆதாரில் முகவரியை மாற்றி, அதற்குப் பிறகு பாஸ்போர்ட்டுக்குப் போடுவதுதான் வழி. அவசரத்தில் வரிசையை மாற்றினால் விண்ணப்பம் தொங்கிவிடும். இரண்டு பேர் பத்தாவது முடிக்காதவர்கள். அவர்கள் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் என்று அச்சாகிவந்ததும், "நம்மள வுடமாட்டாங்க போல" என்று முகம் வாடிவிட்டது. அந்த முத்திரை இருந்தால், வேலைக்காகக் குறிப்பிட்ட 18 நாடுகளுக்குப் போகிறவர்கள்தான் முன்கூட்டியே அரசிடம் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். மலேசியா அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஜெர்மனி இல்லை. இதை எல்லாருக்கும் சொல்லுங்கள், இதனாலேயே பின்வாங்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

விசாவுக்கு வருவோம். பயண நோக்கத்தில் சுற்றுலா என்று டிக் செய்யாதீர்கள், 'பண்பாடு' என்றே ஒரு கட்டம் இருக்கிறது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே போடலாம், கடைசிக் கெடு 15 நாள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. ஆனால் லாப நோக்கமற்ற அமைப்பின் பிரதிநிதியாக, அதே போன்ற அமைப்பு நடத்தும் பண்பாட்டு நிகழ்ச்சிக்குப் போகும் 25 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமே கிடையாது. எங்கள் குழு சங்கமாகப் பதிவாகியிருந்ததால் சின்னவர்களுக்கு அந்தப் பணம் மிச்சம்.

வருமானச் சான்றுதான் மலை. சாவு வீட்டில் கையில் கொடுக்கும் காசுக்கு ரசீது ஏது? வங்கிக் கணக்கில் மாதக் கடைசியில் முந்நூறு ரூபாய் நிற்கிறவர்களிடம் ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேட்டால் என்ன காட்டுவது? அதற்கு ஜெர்மன் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. அழைப்பவர் தன் ஊர் வெளிநாட்டினர் அலுவலகத்துக்குப் போய், இவர்களின் முழுச் செலவுக்கும் நான் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். ஒரு உறுதிமொழிக்கு 29 யூரோ கட்டணம். அந்தத் தாளின் அசல் கூரியரில் வந்த பிறகு வங்கிக் கணக்கைப் பற்றிய கேள்வி லேசாகிவிட்டது. கலைஞர்கள்தான் என்று காட்ட, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தின் உறுப்பினர் அட்டை உதவியது. அட்டை வாங்காத கலைஞர்கள் தயவுசெய்து இந்த மாதமே வாங்கிவிடுங்கள்.

துறைமுகத்து அண்ணனுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை. அரசுக்குச் சொந்தமான நிறுவனத்தில் வேலை பார்க்கிறவர் வெளிநாட்டில் அடுத்தவர் செலவில் தங்கிச் சாப்பிட்டால், எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும். அதற்கு எஃப்சி-2 என்று இணையப் படிவம் இருக்கிறது. மின்வாரியத்தில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

அதே சட்டம் இன்னொரு இடத்திலும் வந்து நின்றது. குழுவின் கணக்குக்கு மானியமாகப் பணம் அனுப்புகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று எங்கள் ஆடிட்டர் கையைப் பிடித்துத் தடுத்தார். வெளிநாட்டு நன்கொடை வாங்க சங்கத்துக்கு எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும். பதிவுக்கு மூன்று வருட வயது, அந்த மூன்று நிதியாண்டில் 15 லட்சம் ரூபாய் செலவழித்த கணக்கு, டெல்லியில் ஸ்டேட் வங்கியின் தலைமைக் கிளையில் தனிக் கணக்கு எல்லாம் தேவை. எங்களைப் போன்ற குழுவுக்கு எட்டாத உயரம். தொழில்முறையாகச் செய்த வேலைக்கு வரும் கூலி மட்டும் நன்கொடைக் கணக்கில் சேராது. எனவே டிக்கெட்டையும் அறையையும் விழாக்காரர்களே நேரடியாக வாங்கினார்கள். ஒவ்வொரு கலைஞருடனும் தனித்தனி ஒப்பந்தம், தனித்தனி சம்பளம். ஒரு நிகழ்ச்சிக்கு ஒருவருக்கு 250 யூரோ வரை அங்கே வரிப்பிடித்தம் இல்லை, தாண்டினால் 15 சதவீதமும் அதன்மேல் கூடுதல் வரியும் போகும். ஒப்பந்தத்தில் போடும் தொகை கைக்கு வருவதா, பிடித்தத்துக்கு முந்தியதா என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் தாண்டிவிடலாம். எனக்கு இன்னும் மனசு ஆறாத இடம் வேறு. அந்த ஊர் அரசு நிதியில் அனுமதிக் கடிதம் வரும் முன் ஒரு பைசாவும் செலவழிக்கக் கூடாது. முன்னாலேயே டிக்கெட் எடுத்தால் அந்தச் செலவை ஏற்க மாட்டார்கள். கடிதம் வருவதற்குள் விமான விலை ஏறிவிட்டது. விசாக் கட்டணம், காப்பீடு, கூரியர், ஆட்டோ என்று நம் கையிலிருந்து போனதெல்லாம் ரசீது காட்டி, விழா முடிந்து, கணக்கு முடிந்த பிறகே திரும்பிவரும். கைரேகை வைக்கப் போன அன்று பெயின்டர் அண்ணனுக்குக் கூலி கிடையாது. ஒத்திகை நாளிலும் கிடையாது. மகளிர் குழுவில் கடன் வாங்கினேன், போதவில்லை என்று அக்காமார்களின் கம்மலும் என் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போயின. கட்டணம் திரும்ப வந்தது. வட்டி வரவில்லை, அந்த மானியத்தில் வட்டிக்கென்று செலவுத் தலைப்பே கிடையாது. பொதுப்பணம் என்பது ஏற்கெனவே கையில் பணம் வைத்திருப்பவர்களுக்குத்தான் எளிதாக இருக்கிறது. நம் கலை பண்பாட்டுத் துறை, நல வாரிய அட்டை வைத்திருக்கும் குழுவுக்கு உறுதியான அழைப்பு வந்தால் வட்டியில்லாமல் முன்பணம் கொடுத்து, மானியம் வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பெரிய தொகை இல்லை. ஆனால் அது இல்லாததால் போகாமல் நின்ற குழுக்கள் இருக்கின்றன. இதைக் கோரிக்கையாக எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

கருவிகளைப் பற்றி ஒரு வரி: மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கிளம்பும்போதே சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுங்கள். திரும்பும்போது புதிதாக வாங்கிவந்ததா என்ற பேச்சே எழாது. போர்டிங் பாஸ்களை ஒருவர் பொறுப்பில் வசூலித்து வையுங்கள், கணக்கு முடிக்க அவை வேண்டும். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று பையன்கள் பர்சுக்குள் செருகிவிடுவார்கள்.

இப்போது மறுபாதி பாக்கி இருக்கிறது. அங்கே எங்களோடு வாசித்த பித்தளை வாத்தியக் குழு புளியந்தோப்புக்கு வர ஆசைப்படுகிறது. அவர்கள் விமானச் செலவுக்கு அந்த ஊர் நிதி கிடைக்கும், அதற்கான விண்ணப்பம் அவர்கள் கையில். இங்கே மேடை, ஒலிபெருக்கி, சாப்பாட்டுக்கான பணத்தை நாங்கள் தேட வேண்டும். அவர்கள் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது, நம்முடையது ஏப்ரலில் தொடங்குகிறது. இரண்டு பக்கப் பணமும் கைக்கு வரும் மாதங்களில் தேதி குறித்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் போய் விழுகிறது. அதனால் திறந்த மைதானத்தை விட்டுவிட்டு, கூரையுள்ள சமூகக்கூடம் கேட்டு மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு மனு கொடுத்திருக்கிறேன். பறை காய்ச்ச வாசலில் தீ மூட்டுவோம் என்பதையும் அதிலேயே எழுதிவிட்டேன்.