நாலாம் வரிசையைத் தின்ற 0.1667

கையெழுத்து ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட்டுக்கு ரங்கே–குட்டா முறையின் (வகைக்கெழுச் சமன்பாட்டைச் சின்னச் சின்னப் படிகளாகத் தீர்க்கும் முறை) வரிசை நிபந்தனைகளை (படியைக் குறைத்தால் பிழை எவ்வளவு வேகமாகக் குறையும் என்பதை முடிவுசெய்யும் கெழுச் சமன்பாடுகள்) எடுத்தால் எங்கெங்கே சறுக்கும் என்பதை, மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் பஸ்ஸில் வீணாகப் போய்வந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். டெய்லர் விரிவு, புட்சர் அட்டவணை (முறையின் கெழுக்களை அடுக்கிவைக்கும் பட்டியல்) எல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இது. வருவிப்புப் பகுதி இரண்டு நாளில் முடிந்தது, அதில் சொல்ல ஒன்றுமில்லை.

திருப்பி அனுப்பப்பட்டது பிழை அட்டவணைக்காக. வகைக்கெழு தனக்கே சமமாக இருக்கும் சமன்பாடு, நேரம் 0-இல் மதிப்பு 1 என்று தொடங்கி நேரம் 1 வரை போக வேண்டும், விடை 2.71828. நாலாம் வரிசை முறையில் படி நீளத்தைப் பாதியாக்கினால் பிழை 16-இல் ஒரு பங்காக வேண்டும். எனக்கு வந்தது இது: படி 0.1-க்குப் பிழை 1.86×10⁻⁶, 0.05-க்கு 7.96×10⁻⁸, 0.025-க்கு 5.5×10⁻⁹, 0.0125-க்கு 3.0×10⁻⁹, 0.00625-க்கு 8.5×10⁻¹⁰. விகிதங்களைப் பாருங்கள்: 23.4, 14.5, 1.8, 3.5. முதல் இரண்டையும் சராசரி எடுத்து "ஏறத்தாழ 16-ஐ ஒட்டி வருகிறது" என்று ஒரு வரி வேறு எழுதிவைத்திருந்தேன். அந்த வரியைச் சுற்றித்தான் சிவப்பு மையில் வட்டம். காரணத்தை யாரும் சொல்லவில்லை, "சரிபார்த்து வரவும்" என்பதோடு சரி.

காரணம் எடைகளில், அதாவது ஒரு படிக்குள் எடுக்கும் நாலு சாய்வுகளைச் சேர்க்கும் விகிதங்களில் இருந்தது. 1/6, 1/3, 1/3, 1/6 என்பதை 0.1667, 0.3333, 0.3333, 0.1667 என்று தட்டியிருந்தேன். இதில் விஷமம் என்னவென்றால், நாலையும் கூட்டினால் சரியாக 1. எடை×கணு (கணு என்பது படிக்குள் சாய்வை எடுக்கும் நேரப் புள்ளி) கூட்டுத்தொகையும் சரியாக 0.5. முதல் இரண்டு நிபந்தனைகளும் இப்படித் தற்செயலாகத் தேறிவிடுவதால் சந்தேகமே வராது. மூன்றாம் வரிசை நிபந்தனைகளில்தான் ஓட்டை: எடை×கணு² 1/3 வர வேண்டிய இடத்தில் 0.33335, எடை×அணிக்கெழு (புட்சர் அட்டவணையின் நடுவில் இருக்கும் கெழு)×கணு 1/6 வர வேண்டிய இடத்தில் 0.166675. ஆக, கையில் இருப்பது இரண்டாம் வரிசை முறை. பெரிய படியில் நாலாம் வரிசைப் பிழை இந்தச் சின்னப் பிழையை மூடி மறைக்கிறது. இரண்டுக்கும் குறி எதிரெதிர் என்பதால் 0.05-க்கும் 0.025-க்கும் நடுவே எங்கோ ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. அந்த 14.5 அப்படி வந்த பொய். பிழையின் குறியையும் அட்டவணையில் போட்டிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். தனி மதிப்பை மட்டும் போடாதீர்கள்.

பைத்தானில் கெழுக்களைப் பின்னமாகவே வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது. அதில் நாலாம் வரிசைக்கு வேண்டிய எட்டு நிபந்தனைகளையும் ஓட்டிப் பார்த்த பிறகே படிக்கணக்குக்குப் போங்கள். சி-யில் எழுதுபவர்கள் 1/6 என்று அப்படியே போட்டால் முழு எண் வகுத்தலாகிப் பூஜ்யம் வரும். அது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். 0.1667 மாதிரி ஒளிந்துகொள்ளாது.

எட்டும் வேண்டுமா, நாலு போதாதா என்றும் ஒரு கேள்வி வந்தது. மேலே சொன்ன சமன்பாட்டை மட்டும் வைத்துச் சோதித்தால் 1, 1/2, 1/6, 1/24 வர வேண்டிய நாலு நிபந்தனைகள்தான் சோதிக்கப்படும். கணுக்களைத் தப்பாக அடித்திருந்தால்கூடத் தெரியாது, ஏனென்றால் அந்தச் சமன்பாட்டில் நேரமே கிடையாது. நேரமும் வளைவும் கலந்த ஒன்று கட்டாயம் வேண்டும். தீர்வு 1/(1+நேரம்²) வருகிற சமன்பாடு நல்லது: வகைக்கெழு = −2×நேரம்×மதிப்பு².

ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு மரப்படம் உண்டு, வர வேண்டிய எண்ணை அதிலிருந்து எடுக்கலாம். அப்படி எடுக்கும்போது அதிகம் மாறிப்போவது 1/8-உம் 1/12-உம். மரத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் அதையும் சேர்த்து அதற்கு மேல் எத்தனை புள்ளி என்று எழுதிப் பெருக்குங்கள், 1-ஐ அதனால் வகுத்தால் அந்த எண். வேரிலிருந்தே இரண்டு கிளை பிரிந்து, ஒன்று மட்டும் இன்னொரு படி நீண்டால் 4×2×1×1, அதாவது 8. வேரிலிருந்து ஒற்றைத் தண்டு போய் அதன் உச்சியில் இரண்டாகப் பிரிந்தால் 4×3×1×1, அதாவது 12. 1/6, 1/3 எடைகள் உள்ள வழக்கமான நாலாம் வரிசை முறையில் முதலாவதற்கு 1/24 + 1/12, இரண்டாவதற்கு 1/24 + 1/24 வரும். கையால் ஒரு தடவை போட்டுவிட்டால் மறக்காது.

ஐந்தாம் வரிசைக்கு ஆசைப்படுபவர்களுக்கு: 17 நிபந்தனை, வெளிப்படை முறையென்றால் (ஒவ்வொரு சாய்வும் முந்தையவற்றிலிருந்தே நேரடியாகக் கிடைப்பது) ஒரு படிக்குக் குறைந்தது 6 கட்டம், அதாவது 6 சாய்வு. ஒற்றைச் சமன்பாட்டில் மட்டும் சோதித்தால் 16 தான் தேறும். 1/30, 1/40 ஆகிய இரண்டும் ஒட்டிக்கொண்டு 7/120 என்ற ஒரே நிபந்தனையாகிவிடும். இரண்டு மாறியாவது உள்ள சமன்பாட்டுத் தொகுதியில் ஓட்டுங்கள். மனசு தளர வேண்டாம், 1901-இல் குட்டா கொடுத்த ஐந்தாம் வரிசைக் கெழுக்களிலேயே தவறு இருந்தது. 1925-இல் நிஸ்ட்ரோம்தான் திருத்தினார்.

பயன்பாட்டுக்காகப் பேச்சிப்பாறை அணை நீர்மட்டத்தை எடுக்கிறவர்கள் உண்டு. மட்டம் 48 அடிக்கு வந்ததும் மதகைத் திறப்பதாக மாதிரி வைத்தால், திறக்கும் அந்தக் கணத்தில் வலப்பக்கச் சார்பு தாவுகிறது. படியின் நடுவில் அது விழுந்தால் எட்டு நிபந்தனையும் இருந்தும் முதல் வரிசைதான் கிடைக்கும். திறக்கும் நேரத்தைக் கண்டுபிடித்து, ஒரு படியை அங்கே முடித்து, அடுத்ததை அங்கிருந்து தொடங்குங்கள்.

இரண்டாவது பயணம் வீணானது பிரிண்ட் கடையில். வேர்டில் வரைந்த மரங்கள் அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் திறந்ததும், ஒக்கி புயலுக்குப் பிறகு ரப்பர் தோட்டம் கிடந்த கோலத்தில் சரிந்து கிடந்தன. கிரேக்க எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக. பி.டி.எஃப். ஆக்கி, எழுத்துருவை உள்ளேயே பதித்து எடுத்துப் போங்கள். பைண்டிங்குக்கு முன் மரங்கள் உள்ள பக்கத்தை மட்டும் ஒன்று அடித்துப் பாருங்கள்.

திருத்திய அட்டவணையில் படி 0.1-க்கு 2.08×10⁻⁶, 0.05-க்கு 1.36×10⁻⁷, விகிதம் 15.3. அடுத்தடுத்து 16-ஐ நெருங்கியது. 0.001-க்குக் கீழே போகாதீர்கள். அங்கே பிழை 10⁻¹⁴ அளவுக்கு இறங்கிக் கணினியின் சுற்றுப்பிழையோடு கலந்துவிடும், விகிதம் கண்டபடி வரும். அதற்கும் ஒரு சிவப்பு வட்டம் விழும்.