கறுப்பு காரின் ஸ்வர்ல் மார்க்கும் மங்கலும்: பானெட், கதவுகள் முடிந்தவரை

கறுப்பு கார் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். நிழலில் நிற்கும்போது கார் நன்றாகத்தான் இருக்கும். வெயில் சாய்வாக விழும்போதோ, ராத்திரி தெருவிளக்குக்குக் கீழே நிறுத்தும்போதோ பார்த்தால், விளக்கின் பிம்பத்தைச் சுற்றி சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் வட்ட வட்டமாகத் தெரியும். ஸ்வர்ல் மார்க் என்று சொல்வது இதைத்தான். கோடுகள் நிஜத்தில் வட்டமாக இல்லை. எல்லாத் திசையிலும் கிடக்கிற நுண்ணிய கீறல்களில், ஒளிக்குக் குறுக்காக இருப்பவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகப் படுகிறது. கையில் டார்ச்சை வைத்து நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும்.

என்னுடையது சில வருடம் ஓடிய கறுப்பு செடான், சென்னை, அடுக்குமாடி, ஸ்டில்ட் பார்க்கிங். கீறல் எங்கிருந்து வந்தது என்று பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. தினமும் காலையில் ஒரே வாளி, ஒரே துணியோடு வரிசையாக எல்லா வண்டியையும் துடைக்கிற ஏற்பாடு, ஒரு வண்டியின் மண் அடுத்த வண்டியில் தேய்படுகிறது. துடைப்பவர் மேல் எந்தக் குறையும் இல்லை, அவருக்குக் கொடுத்திருப்பதே அவ்வளவுதான். அதற்கு மேல் கார் கவர் வேறு: தூசியோடு இருக்கும் காரின் மேல் கவரைப் போட்டால், காற்றில் கவர் அசைய அசைய அடியில் இருக்கும் தூசியே பெயிண்டைத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

பாலிஷ் மெஷினைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கம்பெனி பெயிண்டின் மேலே இருப்பது நிறமில்லாத கிளியர் கோட். அது பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். நம் தலைமுடியே கிட்டத்தட்ட 70 மைக்ரான் வரும். பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை; கீறலின் ஆழம் வரைக்கும் சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைச் சீவி மட்டமாக்குகிறது. சீவியது திரும்ப வராது, வெயிலிலிருந்து கீழே இருக்கும் நிறத்தைக் காப்பதும் அந்த அடுக்குதான். அதனால் நகத்தை வைத்து இழுக்கும்போது நகம் மாட்டுகிற கீறல் எதையும் நான் தொடவில்லை. பின்கதவில் அப்படி ஒன்று இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

கழுவுவது, இரும்புத் துகளை எடுக்கும் ஸ்ப்ரே (இரும்பு பட்ட இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும்), அப்புறம் க்ளே பார் (பெயிண்டில் ஒட்டியிருக்கும் துகளை இழுத்தெடுக்கிற, களிமண் மாதிரியான கட்டி). இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான், விரிவாக எழுதவில்லை. ஆனால் க்ளேயை விட்டுவிடாதீர்கள். கழுவி முடித்த பானெட்டில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தால் சொரசொரப்பு அப்படியே தெரியும். அந்தத் துகள்கள் மேலே இருக்கும்போதே பாலிஷ் போட்டால், அவை மெஷினின் பேடில் (பாலிஷைத் தேய்க்கிற மெத்தை) சிக்கிப் புதுக் கீறலைப் போடும். போர் தண்ணீர் காய்ந்த உப்புப் புள்ளிகள் வினிகரில் பாதி போயின, மீதி பாலிஷில் போயின.

மெஷின் ஒரு சாதாரண டிஏ, அதாவது சுற்றிக்கொண்டே அசையவும் செய்கிற வகை, 8 மில்லிமீட்டர் வீச்சு, 5 அங்குல பேட். ரோட்டரியை நான் வேண்டாமென்று விட்டதற்குக் காரணம் உண்டு. அது ஒரே அச்சில் சுற்றுவதால் வேகமாக வெட்டும், வெட்டின வேகத்துக்குச் சூடும் ஏறும், கை பழகாவிட்டால் வெயிலில் பட்டை பட்டையாக ஹாலோகிராம், அதாவது மெஷின் போன தடம், மினுமினுவென்று தெரியும். சில இடங்களில் போட்டுத் தருகிற ரப்பிங் பாலிஷில் இதைப் பார்க்கலாம்: வண்டி எடுக்கிற அன்றைக்கு எண்ணெயும் வேக்ஸும் கீறலுக்குள் நிரம்பிப் பளபளவென்று இருக்கும், நாலைந்து வாஷில் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

பானெட்டில் ஒரு ஓரமாக டேப் ஒட்டி ஒரு சதுரம் எடுத்துக்கொண்டு, மென்மையானதிலிருந்து ஆரம்பித்தேன். மென்மையான ஃபோம் பேடும் மெகுயர்ஸ் 205ம் (கடைசிப் பளபளப்புக்கான மென்மையான பாலிஷ்): மேலோட்டமான கோடுகள் போயின, முக்கால்வாசி அப்படியே நின்றது. கொஞ்சம் கெட்டியான ஃபோம்: பரவாயில்லை. மைக்ரோஃபைபர் பேடும் கம்பவுண்டும் (அதிகமாக வெட்டுகிற பாலிஷ்): கோடு ஒன்றுகூட இல்லை, ஆனால் அந்தச் சதுரம் மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தது. பாட்டிலைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை, எண் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. மென்சர்னா கம்பெனி பாலிஷில் 400 என்றால் வெட்டு அதிகம், 3800 என்றால் கடைசிப் பளபளப்புக்கு.

இந்தச் சாம்பல் மங்கலைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். இதைப் பார்த்ததும் பழைய கீறல் இன்னும் போகவில்லை என்று நினைத்து மறுபடி கம்பவுண்டை வைத்துத் தேய்க்கத்தான் கை போகும். அங்கேதான் நிறுத்த வேண்டும். பழைய கீறல் போய்விட்டது, நாம் பார்ப்பது கம்பவுண்டின் பொடியும் பேடின் இழையும் சேர்ந்து போட்ட புது அடையாளம், தனித்தனிக் கோடாகத் தெரியாத அளவுக்கு நுண்ணியது. மறுபடி தேய்த்தால் மறுபடி அதே மங்கல்தான் வரும், கிளியர் கோட் குறைவதுதான் மிச்சம். மிருதுவான பெயிண்டில், அதுவும் கறுப்பில், இது தப்பாமல் தெரியும். வெள்ளையிலும் சில்வரிலும் இருந்தாலும் கண்ணில் படாது.

அதற்கு மேல் ஃபோம் பேடில் 205 போட்டேன். மங்கல் குறைந்தது, போகவில்லை. பாலிஷை மாற்றலாமா என்று யோசிப்பதற்குள் பேடைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு படை காய்ந்து இறுகியிருந்தது, விரலால் சுரண்டினால் பொருக்காக வந்தது. தீர்ந்த பாலிஷும் வண்டியிலிருந்து சீவி வந்த கிளியர் கோட்டும்தான் அது. அதை வைத்துக்கொண்டு எவ்வளவு நல்ல பாலிஷ் போட்டாலும் மங்கல்தான் கிடைக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு இரண்டு அடிச் சதுரத்துக்கும் பிறகு நைலான் பிரஷ்ஷால் பேடைச் சுத்தம் செய்வது, ஒவ்வொரு பேனலுக்கும் பேடையே மாற்றுவது என்று வைத்துக்கொண்டேன். பாட்டில் வாங்குகிற காசில் பாதியைக் கூடுதல் பேடுக்குப் போடுங்கள், நான் சொல்வேன்.

இரண்டாவது, அழுத்தம். பேடு ஒட்டுகிற பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால், ஓடும்போது பேடு சுற்றுகிறதா, இல்லை நின்ற இடத்தில் அதிர்கிறதா என்று தெரியும். அழுத்தினால் சுற்று நின்றுவிடும், வெட்டாது, சூடு மட்டும் ஏறும். கம்பவுண்டுக்கு வேகம் 5ல் வைத்து, நிதானமாக, பாதிக்குப் பாதி மேலேறும்படி குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினேன். 205 போடும்போது 4, கடைசி இரண்டு ஓட்டம் மட்டும் 3ல், கை பாரமே இல்லாமல் மெஷினின் எடையில் மட்டும். அந்தக் கடைசி ஓட்டத்தில்தான் மங்கல் விட்டது. பார்க்கிங் டியூப்லைட்டின் பிம்பம் அதுவரைக்கும் ஓரமெல்லாம் பஞ்சு பஞ்சாக இருந்தது, இப்போது டியூப்பின் முனையில் இருக்கிற கருத்த வளையம்கூட பானெட்டில் தெளிவாகத் தெரிந்தது.

துடைக்கிற துணியையும் சந்தேகப்படுங்கள். மங்கல் போன இடத்தில் அதே துணியால் லேசாக நாலு தடவை துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு விழுந்தால் குற்றம் பாலிஷில் இல்லை, துணியில். கம்ஃபர்ட் வகைத் திரவம் எதுவும் போடாமல், மற்ற துணிகளோடு சேர்க்காமல் துவைத்த துணிதான் வேண்டும், ஓரத் தையலும் லேபிளும் இல்லாததாக இருந்தால் நல்லது. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் தண்ணீர் கலந்த ஐபிஏவால் (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) துடைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை மறைத்துக்கொண்டு நிற்கும், நாம் முடிந்துவிட்டது என்று நம்பிவிடுவோம். சென்னையின் ஈரக் காற்றில் நெற்றி வேர்வை பேனலில் சொட்டும், தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள்.

நேரம் என்று பார்த்தால் தை மாதக் காலைதான் தோது. கையை வைத்தால் சுடுகிற பேனலில் கம்பவுண்டு ஒரு ஓட்டத்திலேயே காய்ந்து பொடியாகிவிடுகிறது, அந்தப் பொடியே கீறும். பம்பரில் இன்னும் கவனம் வேண்டும், பிளாஸ்டிக் என்பதால் சூடு பரவாமல் ஒரே இடத்தில் தங்கும். கதவின் மடிப்புக் கோடுகள், பேனல் ஓரங்கள் எல்லாவற்றிலும் டேப் ஒட்டிவிட்டேன், பெயிண்ட் மெலிந்திருப்பது அங்கேதான்.

பானெட்டும் நாலு கதவும் முடிந்து சீலன்ட் (பெயிண்டைக் காக்கிற மேல்பூச்சு) போட்டாயிற்று. துடைக்கும் அண்ணனிடம் பேசினேன்.

“அண்ணே, இனிமே நம்ம வண்டிய துடைக்க வேணாம். காசு எப்பவும்போல வாங்கிக்கங்க. கண்ணாடியும் டயரும் மட்டும் பாத்துக்கங்க.”

“தூசியோட நின்னா நல்லாவா சார் இருக்கும்?”

“இருக்கட்டும்ணே. ஞாயித்துக்கிழம நானே கழுவிக்கிறேன்.”

கழுவுவது இப்போது இரண்டு வாளியில், ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் க்ளவுஸை அலச வெறும் தண்ணீர். முதலில் பைப்பால் மண்ணெல்லாம் இறங்கும்வரை தண்ணீர் அடித்துவிட்டுத்தான் கையை வைக்கிறேன்.

பாக்கி இருப்பது டிக்கியும் கூரையும். டிக்கி சுலபம். கூரையில் பறவை எச்சம் அரித்த தடம் இரண்டு மூன்று இருக்கிறது, கிளியர் கோட்டுக்குள் இறங்கிவிட்ட மாதிரித் தெரிகிறது. வெயில் அதிகம் வாங்குகிற இடம் என்பதால் அங்கே மைக்ரோஃபைபர் பேடைத் தொடப்போவதில்லை. கெட்டி ஃபோமும் 205ம் எவ்வளவு எடுக்கிறதோ அவ்வளவு, மீதி அப்படியே நிற்கட்டும்.