வலது காதில் மட்டும் தொப்பி கேட்கிறது

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போய், வேலை பாதி முடிந்திருக்கிறது. பழைய பட்டன் போனில் பேஸ் சரியாகக் கேட்க, ஹெட்போன் ஜாக்கின் வலது சேனலில் 33 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு 220 போட்டாகிவிட்டது. இடது பக்கம் இன்னும் வழிக்கு வரவில்லை. நேற்று ராத்திரி ஒரு தனியாவர்த்தனம் ஓட விட்டேன். வலது காதில் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் பக்கம், 'கும்' என்று வயிறு வரை இறங்குகிறது. இடது காதில் மறுபக்கமான வலந்தலையின் 'நம்' மட்டும்தான். ஒரே போன், ஒரே பாட்டு!

ஜாக்குக்கு முன்னால் டிசியைத் தடுக்கும் இரண்டு டாண்டலம் கெப்பாசிட்டர்களின் மேல் 336 என்று இருந்தது. அதாவது 33 மைக்ரோ ஃபாரட். 32 ஓம் ஹெட்போனுக்கு அது 150 ஹெர்ட்ஸிலேயே ஒலியை 3 டெசிபல் இறக்கிவிடும், அதற்குக் கீழே போகப் போக இன்னும். 16 ஓம் இயர்போன் என்றால் 300 ஹெர்ட்ஸ். 220 போட்டால் 32 ஓமுக்கு 23 ஹெர்ட்ஸ் வரை கீழே போகலாம். ஈக்வலைசரில் பேஸை ஏற்றி ஏற்றி இத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன், கோளாறு இங்கே இருந்திருக்கிறது.

மாட்டிக்கொண்டது கழற்றுகிற இடத்தில்தான். ஜாக்கின் பிளாஸ்டிக் 3 மில்லிமீட்டர் தள்ளி நிற்பதால் சூடான காற்றை ஊதிக் கழற்றும் ஹாட் ஏர் பிடிக்க மனசு வரவில்லை. போர்டில் இருப்பது ஈயம் கலக்காத சால்டர், 217 டிகிரிக்கு மேல்தான் இளகும். வலது பக்கம் பொறுமையாகச் செய்தேன். இரண்டு முனையிலும் நம்முடைய 63/37 வெள்ளீய-ஈய சால்டரைத் தாராளமாக ஏற்றி, பழையதோடு கலக்க விட்டு, இரண்டு அயர்னை இரு பக்கமும் வைத்தேன். ஐந்தாறு வினாடியில் கெப்பாசிட்டர் தானாக நகர்ந்தது. நகர்ந்த பிறகுதான் தூக்க வேண்டும். இடது பக்கத்தில் ஒரு வினாடி முந்திவிட்டேன். ட்வீசரில் கெப்பாசிட்டரோடு, அது போர்டில் உட்கார்ந்திருந்த செம்புப் பேடும் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தச் சின்னச் செதில் ட்வீசர் நுனியில் மின்னியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பிளேடால் பச்சைப் பூச்சைச் சுரண்டினால் தலைமுடி அகலத்துக்கு ஒரு செம்புத் தடம் இருக்கிறது. 0.1 மில்லிமீட்டர் எனாமல் கம்பியை அதில் பற்ற வைத்தேன், பிடித்தது. கெப்பாசிட்டரை உட்கார வைக்கும்போது அசைந்து பிய்ந்துவிட்டது. இரண்டு தடவை இதே கதை. வரிசையை மாற்ற வேண்டும்: முதலில் கெப்பாசிட்டரைப் பசை வைத்து நிறுத்திவிட்டு, கம்பியைக் கடைசியில் இழுக்க வேண்டும்.

புதியது ஒரு சைஸ் பெரிசு, 3.5க்கு 2.8. பழைய பேடில் இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் பக்கத்துப் பாகத்தைத் தொடவில்லை. டாண்டலத்தில் கோடு போட்ட பக்கம் பிளஸ், எலக்ட்ரோலிட்டிக்கில் அதுவே மைனஸ். மீட்டர் வைத்துப் பார்த்தேன், ஆம்ப்ளிஃபையர் பக்கம் 1.4 வோல்ட், அதுதான் பிளஸ். கோடு அந்தப் பக்கம்தான்.

வலது பக்கத்தில் 32 ஓம் லோடு போட்டு அளந்த கணக்கு இது. என் மீட்டரை 400 ஹெர்ட்ஸுக்கு மேல் நம்ப முடியாது, அதனால் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். முன்பு 400 ஹெர்ட்ஸில் 0.28 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 0.09. இப்போது 0.30, 0.27. பாட்டு ஆரம்பிக்கும்போது வலது காதில் 'டப்' சத்தம் முன்னைவிடக் கூடியிருக்கிறது. பெரிய கெப்பாசிட்டர் நிரம்ப நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்குபவர்கள் கெப்பாசிட்டரை அளக்கும் எல்சிஆர் மீட்டரைக் கையோடு கொண்டு போங்கள். 220 என்று கொடுத்த பத்தில் இரண்டு 140ஐத் தாண்டவில்லை. அடுத்த தெருமுனைக் கடைக்காரர் மட்டும் ரீலிலிருந்து கண்ணெதிரே வெட்டிக் கொடுத்தார், அவை எல்லாம் 210க்கு மேல். இனி அங்கேதான்.

மிச்சம் இருக்கும் கெப்பாசிட்டர்களை என் ஐந்தாம் தலைமுறை ஐபாடுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். அதற்குள் இருக்கும் வுல்ஃப்சன் ஆடியோ சிப்பிலிருந்து நேராக, வெளி ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கும் லைன் அவுட் இழுக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. போர்டைப் படம் எடுத்துத் தடங்களைக் குறித்தும் ஆகிவிட்டது. ஆனால் இடது காதில் தொப்பி கேட்கிற வரை ஐபாடின் மூடியைத் திறக்கப் போவதில்லை. பசை நேற்றே வாங்கிவிட்டேன்.