ஒரு ஸ்க்ரூவும் 11 நாட்களும்

என் மேசை டிராயரில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. அதற்குள் ஒரே ஒரு ஸ்க்ரூ. துருப்பிடிக்காத எஃகு, விரல் நகத்தைவிடச் சின்னது. 11 நாட்கள் என்னை ஆட்டிவைத்த சாமான். தூக்கிப் போட இன்னும் மனசு வரவில்லை.

நான் வேலை செய்வது அணுவாவி காந்த உணரியோடு. பெயரைக் கேட்டால் ஏதோ பெரிய யந்திரம் போலத் தோன்றும். உள்ளே இருப்பது சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு கண்ணாடிப் பெட்டி, செல் என்போம். அதில் துளி ரூபிடியம் என்ற உலோகம். 150 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் வேண்டிய அளவு ஆவி கிளம்பும். வட்ட முனைவாக்கம் செய்த, அதாவது அலை திருகு போலச் சுழன்றபடி போகும், 795 நானோமீட்டர் லேசரை உள்ளே விட்டால், அணுக்களின் சுழற்சி ஒரே பக்கமாகத் திரும்பும். அப்படித் திரும்பிய அணுக்கள் மேற்கொண்டு ஒளியை விழுங்காது, செல் தெளிந்துவிடும். குறுக்கே ஒரு காந்தப்புலம் எட்டிப் பார்த்தால் ஒழுங்கு கலையும், எதிர்ப்பக்கத்துப் போட்டோடயோடில் வெளிச்சம் குறையும். அந்தக் குறைவைத்தான் அளக்கிறோம்.

இவ்வளவு சூட்டில் அணுக்கள் ஓயாமல் மோதிக்கொள்ளுமே, ஒழுங்கு கெடாதா என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். கெடும்தான். ஆனால் புலம் பூஜ்யத்தை ஒட்டி இருந்து, மோதலும் வேகமாக நடந்தால், இரண்டு மோதலுக்கு நடுவே அணுக்கள் தடம் மாற நேரமே கிடைக்காது. எனக்கு இன்றும் இதுதான் இந்தத் துறையிலேயே அழகான விஷயம். உணரியைத் திரவ ஹீலியத்தில் குளிர்விக்காமலே மூளையின் காந்தப்புலத்தை அளக்க முடிவது இதனால்தான்.

அந்தப் புலம் ஏறக்குறைய 100 ஃபெம்டோடெஸ்லா. பூமியின் புலமோ 50 மைக்ரோடெஸ்லா வாக்கில்; அதாவது 50 கோடி மடங்கு. அதனால் வெளிப்புலத்தைத் தடுக்கும் மியூ-மெட்டல் என்ற உலோகக் கலவைக் கவசத்துக்குள்தான் எல்லாம். மிச்சமிருப்பதை உள்ளே சுற்றிய காயில்கள் சமன் செய்யும்.

சரி, ஸ்க்ரூவுக்கு வருகிறேன். ஒருநாள் உணரியின் தாங்கியைக் கழற்றி மாட்டினேன். அதிலிருந்து, அளவீட்டில் குறைந்த அதிர்வெண்ணில் இரைச்சல், அதாவது வேண்டாத ஏற்ற இறக்கம், மூன்று மடங்கு. முதலில் லேசரைச் சந்தேகப்பட்டேன். பிறகு ஹீட்டரை. அதற்குப் போகும் மின்னோட்டமே ஒரு புலத்தை உண்டாக்கும் என்பதால், அணுக்களால் தொடர முடியாத வேகத்தில் மாறும் மின்னோட்டத்தைத்தான் கொடுக்கிறோம். அதுவும் ஒழுங்காகவே இருந்தது. கவசத்தில் காந்தம் தேங்கிவிட்டதோ என்று, அதைப் போக்கப் பெரிய மாறுமின்னோட்டம் கொடுத்து, மெல்ல மெல்லச் சுருக்கிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். இரண்டு முறை. ஒன்றும் நடக்கவில்லை.

ஏழாம் நாள், மூத்தவர் ஒருவர் அலை வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ஏசி ஓடும்போதுதான் கூடுதா, பாத்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை. பார்த்தால் ஆமாம். அசையாத காந்தத்தைக் காயில் சமன் செய்துவிடும். ஆடுகிற காந்தத்தை என்ன செய்வது? ஏசியின் அதிர்வில் ஏதோ ஒன்று நடுங்கியது.

அப்புறம் நான்கு நாட்கள், தாங்கியில் இருந்த ஒவ்வொரு பாகத்தையும் நீளமான பிளாஸ்டிக் குச்சியின் நுனியில் ஒட்டி, கவசத்தின் துளை வழியாக உணரி அருகே கொண்டுபோய்க் கொண்டுபோய் எடுத்தேன். ஒன்பதாவது ஸ்க்ரூவில் கோடு சட்டென்று எகிறியது. மேசையில் கிடந்த காந்தத்தில் அது ஒட்டவே ஒட்டாது. அந்தச் சோதனையை நம்பித்தான் மாட்டியிருந்தேன். இவ்வகை எஃகு காந்தமற்றது என்பார்கள், ஆனால் குளிர்நிலையில் உருட்டி மரை போடும்போது அதன் படிக அமைப்பில் ஒரு பகுதி மாறி, லேசாகக் காந்தத்தன்மை பெறும். உணரிக்கு அந்த லேசே போதும்.

எல்லா ஸ்க்ரூவையும் பிளாஸ்டிக்கில் மாற்றினேன். இரைச்சல் கோடு பழைய இடத்துக்கு இறங்கியது. மின்விநியோகத்தின் 50 ஹெர்ட்ஸில் மட்டும் ஊசி மாதிரி ஒன்று நின்றது. மறுநாள் காலை, வயர்களைச் சோடி சோடியாக முறுக்க உட்கார்ந்தேன்.